நாலு எண்ணும் நம்மூர்க் காற்றும்: டிஸ்க் கோல்ஃப் தட்டுகளை எறிந்து ஒப்பிடும் வழி

பின்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகன் இரண்டு வருஷத்துக்கு முன்பு கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது சாக்லேட்டோடு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தட்டையும் கொண்டுவந்தான். மேலே ‘டெஸ்ட்ராயர்’ என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே 12, 5, -1, 3 என்று நாலு எண்கள். “அண்ணே, இருக்கதுலயே தூரமாப் போற தட்டு இதுதான்” என்றான்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தென்னை விளையில் நின்று முழு பலத்தையும் போட்டு எறிந்தேன். முப்பது தப்படி நேராகப் போனது. பிறகு இடது பக்கமாக வெட்டி, அடுத்த வீட்டு மரச்சீனிக்குள் விழுந்தது. பத்துமுறை எறிந்தேன், பத்துமுறையும் மரச்சீனிதான். அந்த வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “என்ன மக்களே, கெழங்கு பிடுங்கவா வந்த?” என்று கேட்டார்.

தட்டில்தான் கோளாறு என்று அன்றைக்கு நினைத்தேன். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று எனக்குத்தான் தெரியவில்லை. கையில் முதல் தட்டு வந்தவர்களும், எதை வாங்குவது என்று குழம்பி நிற்பவர்களும் என்னைப்போல் மரச்சீனிக்குள் அலைய வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

ஆட்டம் என்ன என்று இரண்டு வரியில்

கோல்ஃப்தான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. மிகக் குறைந்த எறிகளில் கூடையை எட்டுபவர் வென்றார். இந்த ஆட்டத்தின் தந்தை என்று சொல்லப்படும் எட் ஹெட்ரிக் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது சங்கிலிக் கூடையே கிடையாது, நட்ட கம்பங்கள்தான் இலக்கு. அதனால் நம்மூரில் தென்னை மரத்தைக் குறிவைத்து ஆடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஆட்டம் தொடங்கியதே அப்படித்தான்.

கடற்கரையில் பிள்ளைகள் வீசி விளையாடும் ஃபிரிஸ்பி வேறு, இது வேறு. கோல்ஃப் தட்டு பெரும்பாலும் 21 சென்டிமீட்டர் சுற்று விட்டம்தான் இருக்கும், ஆனால் எடை 175 கிராம் வரை வரும். விளிம்பு பட்டையாகவும் கூராகவும் இருக்கும். 1983-ல் டேவ் டூனிபேஸ் சரிவாகச் சீவிய விளிம்போடு ஒரு தட்டைக் கொண்டுவந்த பிறகுதான் இவை காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போக ஆரம்பித்தன. அந்த விளிம்பு ஆள் மேல் பட்டால் எலும்பு வரை வலிக்கும். வரப்பில் யாராவது நடந்து வந்தால் அவர் கடந்து போகும்வரை கையை இறக்கி வைத்திருங்கள்.

முதல் படி: நாலு எண்ணைப் படியுங்கள்

இன்னோவா நிறுவனம் பரப்பிய இந்த நாலு எண்களை இப்போது அநேகமாக எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். வரிசை எப்போதும் ஒன்றுதான்: ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு.

ஸ்பீடு என்பது தட்டு போகிற வேகம் இல்லை. எல்லாரும் முதலில் சறுக்குகிற இடம் இதுதான், நானும் இங்கேதான் சறுக்கினேன். அந்தத் தட்டு ஒழுங்காகப் பறக்க வேண்டுமானால் நீங்கள் எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பதன் அளவு அது. அது தட்டு உங்களிடம் கேட்கும் கூலி. 2 கேட்கும் தட்டுக்கு யார் கையும் போதும். 12 கேட்கும் தட்டுக்கு, சாதாரணமாகவே நூறு மீட்டருக்கு மேல் எறிகிற கை வேண்டும். விளிம்பு அகலமாக ஆக இந்த எண்ணும் ஏறும். கையில் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

கிளைடு என்பது மிதப்பு. காய்ந்த தென்னையோலை விழுவதற்கும் தேங்காய் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். 1-லிருந்து 7 வரை போகும். கை வேகம் குறைந்தவர்களுக்கு இந்த எண் அதிகமாக இருப்பது பெரிய உதவி.

அடுத்த இரண்டும்தான் தட்டின் குணம். வலது கையால் பேக்ஹேண்ட் எறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது சீட்டு போடுகிற மாதிரி, தட்டை இடது பக்கம் இழுத்து முன்னால் விடுகிறீர்கள். கிளம்பிய வேகத்தில் அது வலது பக்கம் சாய்கிற அளவு டர்ன். வேகம் தீரும்போது இடது பக்கம் சாய்ந்து இறங்குகிற அளவு ஃபேடு. டர்ன் -1, -2, -4 என்று கீழே போகப் போக வலது பக்கம் அதிகம் திரும்பும். ஃபேடு 0-லிருந்து 5 வரை, கூடக் கூட இடது பக்கம் அதிகம் வெட்டும். வலது பக்கம் திரும்பும் குணம் மேலோங்கியதை அண்டர்ஸ்டேபிள் என்றும், இடது பக்கம் அடம்பிடித்து வெட்டுவதை ஓவர்ஸ்டேபிள் என்றும் சொல்வார்கள். இடது கைக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்த விடுகிற மாதிரி பக்கவாட்டில் எறியும் ஃபோர்ஹேண்டுக்கும் தலைகீழ்தான்.

ஏன் இப்படி இரண்டு பக்கமும் போகிறது? பம்பரம் விட்ட அனுபவம் இருந்தால் புரிந்துவிடும். சுற்றுகிற பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் சாயாது, குறுக்கே நகரும். தட்டும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது காற்று அதன் பின்பாதியில் அதிகமாகத் தாங்குகிறது. மூக்கு, அதாவது முன்விளிம்பு, கீழே அழுந்த வேண்டும், ஆனால் சுழற்சி இருப்பதால் அது வலது சாய்வாக மாறிவிடுகிறது. வேகம் குறைந்து தட்டு இறங்க ஆரம்பித்ததும் தாங்கும் இடம் முன்பாதிக்கு வருகிறது, அதனால் சாய்வு இடது பக்கம் மாறுகிறது. விளிம்பின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றினால் இந்த இட மாற்றம் முந்தியும் நடக்கும், பிந்தியும் நடக்கும். நூற்றுக்கணக்கான தட்டுகள் விற்கப்படுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னோவாவின் ஃபயர்பேர்டு 9, 3, 0, 4. அதே நிறுவனத்தின் ரோட்ரன்னர் 9, 5, -4, 1. ஸ்பீடு இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று வலது பக்கமே திரும்பாமல் கடைசியில் இடது பக்கம் பலமாக வெட்டும். மற்றது வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கும், சிலசமயம் திரும்பி வரவே வராது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி, முகம் ஒன்று, குணம் வேறு. ஸ்பீடு எண்ணை மட்டும் பார்த்துத் தட்டு வாங்கக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி: மூன்று தட்டு போதும்

வகைகள் நாலு. பட்டர், மிட்ரேஞ்ச், ஃபேர்வே டிரைவர், டிஸ்டன்ஸ் டிரைவர். பட்டர் என்றதும் என் வீட்டில் எல்லாரும் வெண்ணெய் என்று நினைத்தார்கள். கூடைக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக எறியும் தட்டு அது, ஸ்பீடு 1 முதல் 3 வரை. மிட்ரேஞ்ச் பெரும்பாலும் 4, 5. ஃபேர்வே 6-லிருந்து 8, 9 வரை. அதற்கு மேலே எல்லாம் டிஸ்டன்ஸ்.

டிஸ்டன்ஸ் டிரைவரை முதல் ஒரு வருஷத்துக்கு வாங்காதீர்கள். யாராவது பரிசாகக் கொடுத்தால் நன்றி சொல்லி அலமாரியில் வையுங்கள்.

வாங்க வேண்டியது பட்டர் ஒன்று, மிட்ரேஞ்ச் ஒன்று, ஃபேர்வே ஒன்று. பட்டருக்கு ஏவியர் இருக்கிறது, 2, 3, 0, 1. டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் என்றாலும் சரி, 2, 4, 0, 1. மிட்ரேஞ்சில் டிஸ்க்ராஃப்டின் பஸ் 5, 4, -1, 1. இன்னோவாவின் ஷார்க் 4, 4, 0, 2. மாக்கோ3 என்று ஒன்று உண்டு, 5, 5, 0, 0. டர்னும் பூஜ்யம், ஃபேடும் பூஜ்யம், அதனால் நீங்கள் எப்படி விடுகிறீர்களோ அப்படியே போகும். தன் எறியில் என்ன தப்பு என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல கண்ணாடி அது. ஃபேர்வேயில் யோசிக்காமல் லெபர்டு, 6, 5, -2, 1. மிதப்பு இன்னும் வேண்டும் என்றால் ஸ்வீடன் நாட்டு லாட்டிட்யூட் 64-ன் ரிவர், 7, 7, -1, 1.

முதல் மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். இன்னோவாவில் டிஎக்ஸ் என்பது அடிமட்ட விலை பிளாஸ்டிக். கையில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். சாம்பியன் கெட்டியானது, கண்ணாடி மாதிரி இருக்கும், பல வருஷம் உழைக்கும். புதிதாக இருக்கும்போது சாம்பியனில் வரும் தட்டு அதே பெயரில் டிஎக்ஸில் வருவதைவிட இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக வெட்டும். ஒரு தட்டு டிஎக்ஸ், இன்னொன்று சாம்பியன் என்று வைத்து ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது தட்டின் வித்தியாசமா பிளாஸ்டிக்கின் வித்தியாசமா என்றே தெரியாது. எடையும் அப்படித்தான். பட்டரும் மிட்ரேஞ்சும் 170 கிராமுக்கு மேல் இருக்கட்டும், ஃபேர்வே 160-க்குப் பக்கத்தில் இருந்தால் புதுக்கைக்கு எளிது. லேசான தட்டு சுலபமாகத் தூரம் போகும், ஆனால் காற்று அதைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நம்மூர்ச் செம்மண்ணில் சிவப்பும் ஆரஞ்சும் மறைந்துவிடும், புல்லில் பச்சை மறைந்துவிடும். பளிச்சென்ற பிங்க் வாங்குங்கள். கூச்சப்பட்டுப் பச்சை வாங்கியவன் நான், தேடியே பாதி நாள் போயிருக்கிறது.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நாஞ்சில் நாட்டில் கிடைப்பதுபோல ஒரு இடம் வேறெங்கும் அமையாது. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, வயல் ஏலா முழுக்கத் தாளாகக் கிடக்கும் மாசி, பங்குனியில் போங்கள். குறுக்கே மரம் இல்லை, தட்டு விழுந்த இடம் தூரத்திலிருந்தே தெரியும், மண் மெத்தென்று இருப்பதால் விளிம்பு சிதையாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உளுந்து விதைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

காலை ஆறரைக்குள் அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறிக் கடல்காற்று வந்துவிட்டால் அன்றைய ஒப்பீடு அவ்வளவுதான். காற்று இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வரப்பில் நிற்கும் தென்னையைப் பாருங்கள். ஓலையின் நுனி மட்டும் ஆடினால் எறியலாம். மட்டையே அசைந்தால் தட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு கட்டன் சாயா குடிக்கப் போங்கள்.

ரப்பர் தோட்டத்துக்குள் எறியவே கூடாது. குலசேகரம், அருமனைப் பக்கம் வரிசை வரிசையாக நிழலோடு நிற்பதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பால் வெட்டுகிற பட்டையில் தட்டின் விளிம்பு பட்டால் மரத்துக்குக் காயம், தோட்டக்காரருக்கு நஷ்டம். சுசீந்திரம், தேரூர்க் குளக்கரைகளும் வேண்டாம். 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நீர்நிலைகள் அவை, பறவைகள் அங்கே நிம்மதியாக இருக்கட்டும். எப்படியும் முழு எடைத் தட்டு தண்ணீரில் மிதக்காது, போனால் போனதுதான்.

நாலாம் படி: எறிந்து எழுதுங்கள்

ஒரு துணை வேண்டும். உங்களுக்குப் பின்னால் நின்று பார்க்க ஒருவர். எனக்கு என் மச்சான் வந்தான். முதல் நாள் மட்டும் இட்லிக்கு ஆசைப்பட்டு வந்தான், பிறகு அவனுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

தூரத்தில் ஒரு ஒற்றைத் தென்னையைத் தேர்ந்தெடுங்கள். நிற்கிற வரப்பிலிருந்து அந்த மரத்தை நோக்கி ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, இருபது, நாற்பது, அறுபது தப்படியில் ஒவ்வொரு குச்சி நடுங்கள். இனி இடது, வலது எல்லாம் இந்தக் கோட்டிலிருந்துதான்.

முதலில் பட்டரை மட்டும் பத்துமுறை எறிந்து கையைச் சூடேற்றுங்கள், இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு மூன்று தட்டையும் சுற்று முறையில் எறியுங்கள். பட்டர், மிட்ரேஞ்ச், ஃபேர்வே, மறுபடி பட்டர். ஒரே தட்டை ஐந்துமுறை எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசியில் வரும் தட்டுக்குக் களைத்த கைதான் கிடைக்கும். அந்தப் பழி தட்டின் தலையில் விழும். ஐந்து சுற்று போதும். முழு பலத்தில் எறியாதீர்கள், ரூபாய்க்கு முக்கால் ரூபாய் பலம் போதும். முழு பலத்தில் யாராலும் ஒரே மாதிரி ஐந்துமுறை எறிய முடியாது.

பின்னால் நிற்கிறவருடைய வேலை இரண்டு தப்பைப் பிடிப்பது. கிளம்பும்போதே தட்டு படபடவென்று உதறினால் ஒரு தப்பு, உதறும் தட்டு இல்லாத டர்னைக் காட்டி வலது பக்கம் விழும். தட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் இன்னொரு தப்பு. இது பெரிய வஞ்சகம். மூக்கு தூக்கிய தட்டு மேலே ஏறி, நின்று, இடது பக்கம் சரிந்து விழும். பார்ப்பவர்கள் ‘இது பயங்கர ஓவர்ஸ்டேபிள்’ என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் தப்பு மணிக்கட்டில் இருக்கும். என் மரச்சீனிக் கதையில் பாதி இதுதான். இந்த இரண்டு வகை எறிகளையும் தட்டு விழுவதற்கு முன்பே ‘செல்லாது’ என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு சொன்னால் பிடித்த தட்டுக்குச் சாதகமாகச் சொல்வோம், மனித மனசு அப்படி.

ஒவ்வொரு எறிக்கும் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். எந்தக் குச்சியின் அருகில் இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது, எத்தனை தப்படியில் விழுந்தது, கோட்டிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை தப்படி தள்ளி விழுந்தது. பிறகு ஐந்தில் தூரத்தில் விழுந்ததையும் கிட்டத்தில் விழுந்ததையும் தள்ளிவிட்டு, நடு மூன்றைக் கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் முதல் நாள் எழுதியது இது. ஏவியர் 44 தப்படி, இடது பக்கம் 2. ஷார்க் 52, இடது 5. லெபர்டு 60, இடது 3. மச்சானிடம் ஒரு டீபேர்டு இருந்தது, எண்கள் 7, 5, 0, 2. அது 57-ல் விழுந்தது, இடது 9. ஆசை விடாமல் டெஸ்ட்ராயரையும் சேர்த்தேன். 50 தப்படி, இடது 14.

இதை நிதானமாகப் படியுங்கள். ஸ்பீடு 12 இருக்கிற தட்டு 4 இருக்கிற ஷார்க்கைக்கூட முந்தவில்லை. லெபர்டில் டர்ன் -2 என்று போட்டிருக்கிறது, வலது பக்கம் நன்றாகத் திரும்பியிருக்க வேண்டும். எனக்கு ஒரு தப்படிகூடத் திரும்பவில்லை, ஏறக்குறைய நேராகப் போய்க் கொஞ்சம் இடது பக்கம் விழுந்தது. எண் பொய்யில்லை. தட்டு கேட்ட கூலியை என் கை கொடுக்கவில்லை. வேகம் போதாத கையில் எல்லாத் தட்டும் எழுதியிருப்பதைவிட இடது பக்கமாகவே பேசும். -2 என்று எழுதியது புதியவனுக்கு 0 மாதிரி, 0 என்று எழுதியது ஓவர்ஸ்டேபிள் மாதிரி. லெபர்டுக்கும் டீபேர்டுக்கும் தூரத்தில் மூன்று தப்படிதான் வித்தியாசம், பக்கவாட்டில் ஆறு. புதியவர் லெபர்டை எடுக்க வேண்டும் என்று சொல்வது இந்த ஆறு தப்படிக்காகத்தான்.

உங்கள் நோட்டில் வேறு எண்கள்தான் வரும், வரட்டும். ஒரு மாதம் கழித்து அதே வயலில், அதே குச்சிகளோடு மறுபடி எறியுங்கள். லெபர்டு முதல் தடவையாக வலது பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாளை நான் தேதி போட்டு வைத்திருக்கிறேன். கை வேகம் கூடிவிட்டது என்பதற்குத் தட்டு கொடுத்த ரசீது அது.

ஐந்தாம் படி: காற்றில் ஒப்பிடுதல்

வேறு ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயை வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு அப்படி முடியாது.

அடிப்படை எளிது. தட்டுக்குத் தரை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். நீங்கள் மணிக்கு 60 கிலோமீட்டரில் எறிகிறீர்கள், எதிரே 20-ல் காற்று வருகிறது என்றால், தட்டைப் பொறுத்தவரை அது 80-ல் போகிறது. அதனால் டர்ன் கூடும், வலது பக்கம் அதிகம் திரும்பும். காற்று பின்னாலிருந்து வந்தால் தட்டுக்கு 40 மாதிரிதான், டர்ன் காணாமல் போய் சீக்கிரமே இடது பக்கம் வெட்டி இறங்கும்.

ஆடி மாதம் ஒருநாள் முப்பந்தல் பக்கம், காற்றாலைகள் இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு பொட்டலில் போய் நின்றோம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது 160 கிராம் தட்டு எம்மாத்திரம்! மேற்கே பார்த்து, காற்றின் முகத்துக்கு நேரே லெபர்டை விட்டேன். வலது பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது, முழுக்கக் குப்புறப் புரண்டு தரையில் சக்கரமாக உருண்டு ஓடியது. அடுத்து மச்சானின் ஃபயர்பேர்டு. வயலில் எறிந்தபோது இடது பக்கம் அநியாயத்துக்கு வெட்டிய அதே தட்டு, அந்தக் காற்றுக்குள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பிறகு திரும்பி நின்று கிழக்கே பார்த்து எறிந்தோம். இப்போது லெபர்டு அழகாக மிதந்து போனது, ஃபயர்பேர்டு கல்லாக விழுந்தது.

ஓவர்ஸ்டேபிள் தட்டு எதற்கு என்று அதுவரை எனக்குப் புரியவில்லை. நம் மாவட்டத்தில் ஆனியிலிருந்து ஆவணி வரை ஆட நினைப்பவர்களுக்கு நாலாவது தட்டு ஒன்று வேண்டும் என்றால் அது இந்த ஜாதிதான். ஃபயர்பேர்டு வேகம் அதிகம் கேட்கும் என்று தோன்றினால் டிஸ்க்ராஃப்டின் ஸோன் இருக்கிறது, 4, 3, 0, 3. கிட்டத்து எறிகளுக்குக் காற்றைக் கண்டு பயப்படாத தட்டு. ஆனால் அந்தக் காற்றில் எறிந்து பார்த்து முதல் தட்டை முடிவு செய்யாதீர்கள். பலமான காற்று சின்ன வித்தியாசங்களைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும். குணம் புரியும், அளவு புரியாது.

பக்கக் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. இடது பக்கம் சாய்ந்து இறங்கும் தட்டின் முதுகு இடது பக்கம் பார்த்திருக்கும், வயிறு வலது பக்கம் பார்த்திருக்கும். வலது பக்கத்திலிருந்து காற்று வந்தால் வயிற்றில் பட்டு, தூக்கி, இடது பக்கமாக இன்னும் தூரம் கொண்டுபோகும். இடது பக்கத்திலிருந்து வந்தால் முதுகில் அடித்துத் தரையில் இறக்கும்.

இந்தக் கணக்கு கடற்கரையில் தட்டைக் காப்பாற்றும். முட்டம், சங்குத்துறை, சொத்தவிளை எங்கே நின்றாலும் குமரியைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள். கடல் வலக்கைப் பக்கம் வரும். தட்டு கடைசியில் வெட்டுவது இடது பக்கம், அதாவது கரைப் பக்கம். கடல்காற்றும் அதைக் கரைக்கே தள்ளும். குளச்சலைப் பார்த்து நின்று எறிந்தால் தட்டு கடலைப் பார்த்துத்தான் வெட்டும். இடது கைக்காரர்கள் குளச்சலைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலை மட்டும் அங்கே எறியுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம்.

பட்டரை ஒப்பிடுவது தனி வேலை

பட்டருக்குத் தூரம் கணக்கில்லை. மாமரக் கிளையில் பழைய சைக்கிள் டயர் ஒன்றைக் கட்டித் தொங்க விடுங்கள். ஐந்து, ஏழு, பத்து மீட்டரில் மூன்று கோடு. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் பத்து எறி, எத்தனை உள்ளே போனது என்று எழுதுங்கள். பத்து மீட்டர் என்பது சும்மா சொன்னதில்லை. இலக்கைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால், எறிந்த பிறகு கால் முன்னால் தடுமாறி விழாமல் நிற்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி, இப்போதே பழகிக்கொள்ளலாம். இரண்டு பட்டர்களுக்கு இடையில் பெரும்பாலும் எண்கள் முடிவு செய்யாது, விரல்கள் முடிவு செய்யும். விளிம்பின் அடியில் உருண்டை மணிபோல் ஒரு வரம்பு சில பட்டர்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எது கையில் உறுத்தாமல் உட்காருகிறதோ அதுதான் உங்களுடையது.

தேய்மானமும் மழையும்

நம் சரல் மண்ணில் டிஎக்ஸ் தட்டு ஆறே மாதத்தில் சொரசொரத்துவிடும். தேயத் தேய ஃபேடு குறையும், டர்ன் கூடும். என் பழைய லெபர்டு இப்போது எழுதியதைவிட அதிகமாகவே வலது பக்கம் போகிறது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதிதாக ஒன்று வாங்கினால் ஒரே பெயரில் இரண்டு குணமுள்ள தட்டு கையில் இருக்கும். விளைக்குள் வலது பக்கம் வளைந்து போக வேண்டிய இடங்களில் எனக்குப் பழையதுதான் கைகொடுக்கிறது.

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. பையில் துடைக்க ஒரு துவர்த்துத் துண்டு எப்போதும் இருக்கட்டும். ஈரத்தில் சாம்பியன் பிளாஸ்டிக் மீன் மாதிரி வழுக்கும், அந்த நாள் ஒப்பீட்டை நோட்டில் ஏற்றாதீர்கள். பைக் பெட்டிக்குள் வெயிலில் தட்டை விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம், வளைந்துவிட்டால் எண்கள் எல்லாம் வெறும் அலங்காரம்.

தென்னை உச்சியில் தட்டு சிக்கினால் கல்லை விட்டெறியாதீர்கள், துரட்டி எட்டவில்லை என்றால் அடுத்த வெட்டுக்குத் தேங்காய் பறிக்க ஆள் வரும்வரை பொறுத்திருங்கள். நெற்றும் கொதும்பும் விழுகிற மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

தட்டின் அடியில் அழியாத மார்க்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதிவிடுங்கள். டெஸ்ட்ராயரில் நான் எழுதவில்லை, நாலாவது மாதம் எங்கேயோ தொலைந்துவிட்டது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட அந்த மாமி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் குடிதண்ணீர்ப் பானையின் மேல் சிவப்பாக, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. “மரச்சீனி பிடுங்கும்போ கெடச்சுது மக்களே, நல்ல மூடி” என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மூடியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.